டாக்டர் பட்ட ஆராய்ச்சி: பெங்களூரு விஞ்ஞானக் கழகம் காட்டும் வழி

கிராமத்துப் பள்ளியில் பயின்று, அருகிலுள்ள நகரத்தின் கல்லூரியில் பௌதிகத்தில் எம்.எஸ்ஸி. பட்டம் பெற்ற ஒருவர், ஊர் திரும்பியதும் தம் பழைய ஆசிரியரைக் காண வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘ஐயா, இனி நான் என்ன செய்யலாம்?’ என்று அவர் கேட்கிறார். ஆசிரியப் பயிற்சிப் பட்டம், வங்கித் தேர்வு, அரசுப் பணித் தேர்வு ஆகியவற்றை ஆசிரியர் உடனே எடுத்துரைப்பார். ஆராய்ச்சி என்னும் சொல் அவ்வுரையாடலில் எழுவது அரிது. எழுந்தாலும், ‘அது வசதி படைத்தவர்களுக்கு உரியது’ என்ற ஒரு வாக்கியத்தோடு அடங்கிவிடும்.

இக்கருத்து பிழையானது. விஞ்ஞானத்திலும் பொறியியலிலும் தேசியத் தேர்வுகளின் வழியாக முழுநேர ஆராய்ச்சி மாணவராகத் தேர்ந்தெடுக்கப்படுபவர் மாதந்தோறும் உபகாரச் சம்பளம் பெறுகிறார். எனினும், எந்தத் தேர்வை எழுத வேண்டும், எந்த மாதத்தில் விண்ணப்பிக்க வேண்டும், எந்தத் தகுதி இன்றியமையாதது என்பவற்றை உரிய காலத்தில் அறியாமையால் திறமை மிக்க மாணவர் பலர் இவ்வாய்ப்பை இழக்கின்றனர். அவர்களுக்கு இச்செய்தியை முதலில் சொல்லக்கூடிய நிலையில் இருப்பவர்கள் பள்ளி, கல்லூரி ஆசிரியர்களும், ஊர்தோறும் சென்று பணிபுரியும் களப் பணியாளர்களுமே ஆவர். ஆதலின், பெங்களூருவிலுள்ள இந்திய விஞ்ஞானக் கழகத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு, டாக்டர் பட்ட ஆராய்ச்சியின் இயல்பையும் அதற்குரிய வழிகளையும் இப்பாடத்தில் காண்போம்.

டாக்டர் பட்டம் என்பது யாது?

இளநிலைப் பட்டமும் முதுநிலைப் பட்டமும் பிறர் கண்டறிந்தவற்றை நாம் கற்றறிந்தோம் என்பதற்குச் சான்று ஆகும். டாக்டர் பட்டம், இதுவரை எவரும் அறியாத ஒன்றை, அது சிறிதாயினும், தாமே முயன்று கண்டறிந்து, அதை மெய்ப்பிக்கும் முறையையும் அறிந்தவர் என்பதற்குச் சான்று ஆகும். ஆகவே இதற்கு விடைத்தாள் மட்டும் போதாது. ஆராய்ச்சி மாணவர் தம் கண்டுபிடிப்பை ஆய்வேடாக எழுதி, வெளியிலிருந்து அமர்த்தப்படும் நிபுணர்களின் மதிப்பீட்டிற்கு உட்படுத்தி, பின்னர் அவர்கள் எழுப்பும் வினாக்களுக்கு நேரில் விடையளிக்க வேண்டும்.

இத்தகைய பயிற்சி பெற்றோர் பல்கலைக் கழகங்களில் பேராசிரியர்களாகவும், தேசிய ஆராய்ச்சிக் கூடங்களிலும் விண்வெளி, அணுசக்தி, பாதுகாப்புத் துறைகளிலும் விஞ்ஞானிகளாகவும், தொழிற்சாலைகளின் ஆராய்ச்சிப் பிரிவுகளில் பொறியியலாளர்களாகவும் பணிபுரிகின்றனர். மத்தியக் கல்வி அமைச்சகத்தின் உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, 2014-15-ஆம் கல்வியாண்டில் சுமார் 1.17 இலட்சமாக இருந்த டாக்டர் பட்ட மாணவர் தொகை 2021-22-இல் சுமார் 2.12 இலட்சமாக உயர்ந்தது. பெண்களின் தொகை இதே காலத்தில் 48 ஆயிரத்திலிருந்து ஏறத்தாழ 99 ஆயிரமாக, அதாவது இரு மடங்காகப் பெருகியது.

கழகத்தின் தோற்றம்

இந்தியாவில் உயர் ஆராய்ச்சிக்கென ஒரு நிலையம் வேண்டும் என்று கருதித் தம் செல்வத்தின் ஒரு பகுதியை அதற்கென ஒதுக்கியவர் ஜாம்ஷெட்ஜி டாட்டா. அதற்குரிய திட்டம் 1898-ஆம் ஆண்டின் இறுதி நாளில் கர்சன் பிரபுவிடம் அளிக்கப்பட்டது. நிலையத்திற்கு ஏற்ற இடம் பெங்களூரே எனப் பிரிட்டிஷ் ரசாயன அறிஞர் சர் வில்லியம் ராம்சே பரிந்துரைத்தார். மைசூர் சமஸ்தானம் 371 ஏக்கர் நிலத்தை வழங்கியது. டாட்டா 1904-இல் காலமானார். தாம் கனவு கண்ட கழகத்தை அவர் காணவில்லை. 1909-இல் கழகம் சட்டப்படி நிறுவப்பட்டது. 1911-இல் ரசாயனத்திலும் மின்தொழில் நுட்பத்திலும் முதல் மாணவர்கள் சேர்க்கப்பட்டனர். 1933-இல் சர் சி. வி. ராமன் இதன் இயக்குநராகப் பொறுப்பேற்றார்; அப்பதவியை வகித்த முதல் இந்தியர் அவரே.

1958-இல் இக்கழகம் பல்கலைக் கழகத்திற்கு நிகரான நிலையைப் பெற்றது. இது பெயரளவான மாற்றம் அன்று. அதற்கு முன்னர், இங்கு ஆராய்ச்சி செய்தவர்கள் டாக்டர் பட்டத்திற்காகத் தம் ஆய்வேட்டை வேறொரு பல்கலைக் கழகத்திடமே அளிக்க வேண்டியிருந்தது. அந்த ஏற்பாட்டினால் விளைந்த இடர்ப்பாடு ஒன்றை நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

இரு பெண்மணிகளின் வரலாறு

திருவிதாங்கூரிலுள்ள பீர்மேட்டில் 1918-இல் பிறந்த அன்னா மணி சென்னையில் பயின்று, 1939-இல் ஆனர்ஸ் பட்டம் பெற்றார். 1940-இல் உபகாரச் சம்பளம் பெற்று இந்திய விஞ்ஞானக் கழகத்தில் சேர்ந்து, ராமனின் ஆராய்ச்சிக் கூடத்தில் வைரம், மாணிக்கம் ஆகிய கற்களின் ஒளிப் பண்புகளை ஆராய்ந்தார். முப்பதுக்கு மேற்பட்ட வைரங்களின் நிறமாலைகளை அவர் பதிவு செய்தார். சில வைரங்களின் ஒளி மிக மங்கலானதாகையால், ஒரே புகைப்படத் தகட்டை 15 முதல் 20 மணி நேரம் வரை அவ்வொளியில் வைத்திருக்க நேர்ந்தது. 1942-க்கும் 1945-க்கும் இடையில் அவர் தனித்து எழுதிய 5 கட்டுரைகள் வெளிவந்தன. 1945 ஆகஸ்டில் தம் ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக் கழகத்தில் அளித்தார். அவரிடம் எம்.எஸ்ஸி. பட்டம் இல்லை என்ற காரணத்தால் டாக்டர் பட்டம் மறுக்கப்பட்டது.

அவர் மனம் தளரவில்லை. அதே ஆண்டு இங்கிலாந்து சென்று வானிலைக் கருவிகளைப் பற்றிய பயிற்சி பெற்றார். 1948-இல் தாயகம் திரும்பி இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தார். அதுவரை வெளிநாட்டிலிருந்து தருவிக்கப்பட்டு வந்த வானிலைக் கருவிகள் பலவற்றை இந்நாட்டிலேயே செய்யும் பணியை முன்னின்று நடத்தினார்; சுமார் 100 கருவிகளின் வரைபடங்கள் ஒரே தரத்திற்குக் கொண்டுவரப்பட்டன. சூரிய வெப்பத்தையும் காற்றின் வேகத்தையும் நாடெங்கும் அளந்து அவர் தொகுத்தளித்த விவரங்கள் பிற்காலத்துச் சூரிய சக்தி, காற்றுச் சக்தித் திட்டங்களுக்கு ஆதாரமாயின. பட்டம் இன்றியும் அரும்பணி ஆற்றலாம் என்பதற்கு அவர் சான்று. எனினும் ஐந்தாண்டு உழைப்பு ஒரு விதியினால் பட்டமின்றிப் போனது என்பதும் உண்மையே. விதியை முதலில் அறிந்து, பின்னரே உழைப்பில் இறங்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேவையில்லை.

அவருக்குச் சில ஆண்டுகள் முன்னர், 1933-இல், பம்பாயில் பட்டம் பெற்ற கமலா பாகவத் இதே கழகத்தில் இடம் கேட்டார். பெண் என்ற காரணத்தால் முதலில் அவருக்கு இடம் மறுக்கப்பட்டது. அவர் விடாது வாதாடியதன் பயனாக, ஓராண்டு சோதனை அடிப்படையில் சேர்த்துக்கொள்ளப்பட்டார். பாலிலும் பருப்பு வகைகளிலும் உள்ள புரதங்களை ஆராய்ந்து திறமையை நிலைநாட்டினார். பின்னர் 1939-இல் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்றார். திருமணத்திற்குப் பின் கமலா சோஹோனி என அறியப்பட்ட இவர், நீரா எனப்படும் பதநீரின் ஊட்டச் சத்துகளைப் பற்றிச் செய்த ஆராய்ச்சிக்காகக் குடியரசுத் தலைவரின் விருதைப் பெற்றார். கிராம மக்கள் அன்றாடம் அருந்தும் பானம் ஒன்று ஆராய்ச்சிக்குரிய பொருளாயிற்று என்பதைக் களப் பணியாளர்கள் நினைவிற்கொள்வது நலம்.

இன்றைய தகுதி விதிகள்

அன்னா மணியின் காலத்து நிலை இன்று இல்லை. பல்கலைக் கழக மானியக் குழு 2022 நவம்பரில் வெளியிட்ட விதிகளின்படி, 55 விழுக்காடு மதிப்பெண்ணுடன் முதுநிலைப் பட்டம் பெற்றவர்கள் டாக்டர் பட்ட ஆராய்ச்சிக்குத் தகுதியுடையவர்கள். நான்காண்டு இளநிலைப் பட்டத்தை 75 விழுக்காடு மதிப்பெண்ணுடன் முடித்தவர்கள் முதுநிலைப் பட்டம் இன்றியே விண்ணப்பிக்கலாம். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத் திறனாளிகள், பொருளாதாரத்தில் நலிந்தோர் ஆகியோருக்கு 5 விழுக்காடு வரை தளர்வு உண்டு. இவை குறைந்த அளவுத் தகுதிகள். ஒவ்வொரு நிலையமும் இவற்றினும் கூடுதலான தகுதியை விதிக்கலாம். ஆகையால் குறிப்பிட்ட நிலையத்தின் நடப்பாண்டு அறிவிப்பைப் படிக்காமல் எவருக்கும் உறுதி கூறலாகாது.

இந்திய விஞ்ஞானக் கழகத்தில் சேர்வதற்குப் பல வழிகள் உள்ளன. அவற்றுள் முக்கியமானவை நான்கு.

முதலாவது, எம்.எஸ்ஸி. பட்டம் பெற்றோருக்குரியது. விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சிக் கவுன்சிலும் பல்கலைக் கழக மானியக் குழுவும் சார்ந்த நெட் தேர்வில் இளநிலை ஆராய்ச்சி உபகாரச் சம்பளத்திற்குத் தகுதி பெறுதல் இவர்களுக்குச் சிறந்த வழி. பௌதிகம், கணிதம் முதலிய துறைகளுக்கு வேறு சில தேசியத் தேர்வுகளும் ஏற்றுக்கொள்ளப்படுகின்றன.

இரண்டாவது, பி.இ., பி.டெக்., எம்.இ., எம்.டெக். பட்டம் பெற்றோருக்குரியது. கேட் எனப்படும் பொறியியல் தகுதித் தேர்வு இவர்களுக்குரிய முக்கிய வழி. இத்தேர்வு 100 மதிப்பெண்களுக்கு 3 மணி நேரம் நடைபெறுகிறது. இதில் பெறும் மதிப்பு மூன்றாண்டுகள் வரை செல்லும். இதற்கு வயது வரம்பு இல்லை. பொறியியல் பாடங்களோடு பௌதிகம், ரசாயனம், கணிதம், உயிரியல், வேளாண் பொறியியல் ஆகியவற்றிலும் இத்தேர்வை எழுதலாம்.

மூன்றாவது, பி.எஸ்ஸி. பட்டம் பெற்றோருக்குரிய ஒருங்கிணைந்த டாக்டர் பட்டப் படிப்பு. முதுநிலைப் படிப்பும் ஆராய்ச்சியும் இதில் தொடர்ச்சியாக அமைந்துள்ளன. ஜாம் எனப்படும் நுழைவுத் தேர்வு இதற்குரிய முக்கிய வழி. கிராமப்புறக் கல்லூரிகளில் மிகக் குறைவாக அறியப்பட்டுள்ள வழி இதுவே எனலாம்.

நான்காவது, ஆராய்ச்சி நிலையங்களிலும் தொழில் நிறுவனங்களிலும் கல்லூரிகளிலும் ஏற்கனவே பணிபுரிவோருக்கான வெளிப்பதிவு முறை. இதில் சேர்வோர் தம் பணியை விடாமல் ஆராய்ச்சியை நடத்துகின்றனர். ஆனால் பாடங்களை முடிப்பதற்காகக் குறிப்பிட்ட காலம் கழகத்தில் தங்கியிருக்க வேண்டும்.

தேசியத் தேர்வில் பெறும் மதிப்பெண் நேர்முகத் தேர்வுக்கு அழைக்கப்படுவதற்கே உதவும். நேர்முகத்தில் அடிப்படைக் கருத்துகளே பெரிதும் வினவப்படுகின்றன. மண்பானையில் நீர் குளிர்வதேன், அதன் வேகம் எவற்றைப் பொறுத்தது, மழைக்காலத்தில் அது குறைவதேன் என்று படிப்படியாகச் சிந்தித்து விடை கூறும் பழக்கம் உள்ளவருக்கு இத்தேர்வு கடினமாகத் தோன்றாது. தமிழ் வழியில் பயின்றவர்கள் ஆங்கிலத்தைக் கண்டு அஞ்சுவது இயல்பு. பொருளைத் தாய்மொழியில் நன்கு விளங்கிக்கொண்டவர் அதற்குரிய ஆங்கிலச் சொற்களைச் சில மாதங்களில் கற்றுக்கொள்வார். பொருள் விளங்காமல் ஆங்கிலச் சொற்களை மட்டும் மனனம் செய்தவர் இரண்டாம் கேள்விக்கே தடுமாறுவார். வகுப்பில் ஒவ்வொரு கலைச்சொல்லையும் இரு மொழிகளிலும் எழுதிக் காட்டும் ஆசிரியர் இவ்வச்சத்தைப் பாதியாகக் குறைத்துவிடுகிறார்.

காலக் கணக்கு

மாணவர்கள் பெரும்பாலும் தவறுவது இவ்விடத்தில்தான். கழகத்தில் முக்கியச் சேர்க்கை ஆகஸ்டு மாதத்தில் நடைபெறுகிறது. அதற்கான விண்ணப்பங்கள் ஆண்டின் தொடக்க மாதங்களில் பெறப்படுகின்றன. கேட் தேர்வு பிப்ரவரியை ஒட்டி நடைபெறுகிறது. ஆனால் அதற்கு விண்ணப்பிக்கும் காலம் முந்தைய ஆண்டின் ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களை ஒட்டியது. ஆகவே ஓர் ஆகஸ்டில் சேர விரும்புபவர் அதற்கு முந்தைய ஆகஸ்டிலேயே முயற்சியைத் தொடங்க வேண்டும். பட்டம் பெற்ற பின்னர் யோசிக்கலாம் என்று இருப்பவர் ஓராண்டை இழப்பார். அவ்வோராண்டு பல குடும்பங்களில் ஆராய்ச்சி எண்ணத்தையே கைவிடச் செய்துவிடுகிறது. இறுதியாண்டு தொடங்கும்போதே இதை மாணவர்க்கு அறிவிப்பது கல்லூரி ஆசிரியரின் கடமை.

உபகாரச் சம்பளமும் குடும்பக் கணக்கும்

‘இன்னும் ஐந்து ஆண்டுகள் படிப்பா?’ என்று தந்தை கேட்பது நியாயமே. அவருக்கு எண்களால் விடை கூறுதல் வேண்டும். 2023 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த விகிதப்படி, இளநிலை ஆராய்ச்சி மாணவருக்கு முதல் ஈராண்டுகள் மாதம் ரூ.37,000-மும், அதன்பின் முதுநிலை ஆராய்ச்சி மாணவருக்கு மாதம் ரூ.42,000-மும் வழங்கப்படுகிறது. முதல் ஈராண்டுகளில் ரூ.8,88,000, அடுத்த மூன்றாண்டுகளில் ரூ.15,12,000, ஆக ஐந்தாண்டுகளில் ரூ.24,00,000 ஆகிறது. 2018-இல் தொடங்கப்பட்ட பிரதமர் ஆராய்ச்சி உபகாரச் சம்பளத் திட்டத்தில் தேர்ந்தெடுக்கப்பட்டோருக்கு மாதம் ரூ.70,000 முதல் ரூ.80,000 வரை நிர்ணயிக்கப்பட்டது.

விடுதிக் கட்டணம், உணவு, பயணம் ஆகியவற்றைக் கழித்த பின்னரும் சிக்கனமாக வாழ்பவர் வீட்டிற்குச் சிறு தொகை அனுப்ப இயலும். ஆயினும் மறைக்கக்கூடாத செய்திகள் இரண்டு உள்ளன. தொகை சில சமயம் தாமதமாக வந்து சேரும். ஆதலின் தொடக்கத்தில் சில மாதச் செலவுக்குக் கைப்பணம் இருத்தல் நலம். மேலும், இது வேலைச் சம்பளம் அன்று. குறிப்பிட்ட காலத்திற்குப் பின் நின்றுவிடும். ஆராய்ச்சி முடியாமல் காலம் நீண்டால் நெருக்கடி ஏற்படும்.

ஐந்தாண்டுகளின் படிகள்

முதலாண்டு பெரும்பாலும் பாடங்களில் கழிகிறது. முதுநிலைப் பட்டத்தில் கற்றதை ஆராய்ச்சிக்குப் பயன்படும் அளவிற்கு ஆழப்படுத்துவதே இதன் நோக்கம். அதன்பின், தாம் எடுத்துக்கொண்ட துறையில் ஆராயும் தகுதி மாணவருக்கு உள்ளதா என்பதைச் சோதிக்கும் விரிவான தேர்வு ஒன்று பேராசிரியர் குழுவின் முன் நடைபெறுகிறது. இதில் தேறியவர் முழுமையாக ஆராய்ச்சியில் ஈடுபடுகிறார். ஆய்வு முதிர்ந்ததும் துறையினர் முன் தம் முடிவுகளை எடுத்துரைத்து, பின்னர் ஆய்வேட்டை அளிக்கிறார். நிபுணர்களின் அறிக்கைகள் வந்தபின் வாய்மொழித் தேர்வு நடைபெறுகிறது.

2022-ஆம் ஆண்டு விதிகளின்படி, பாடங்களுக்குரிய காலம் உட்பட, டாக்டர் பட்ட ஆராய்ச்சிக்குக் குறைந்த காலம் 3 ஆண்டுகள். மிகுந்த காலம் 6 ஆண்டுகள். மறுபதிவின் மூலம் மேலும் 2 ஆண்டுகள் பெறலாம். பெண்களுக்கும் 40 விழுக்காட்டிற்கு மேற்பட்ட குறைபாடுடைய மாற்றுத் திறனாளிகளுக்கும் இன்னும் 2 ஆண்டுகள் தளர்வு உண்டு. பெண் ஆராய்ச்சியாளர்கள் மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பாக 240 நாட்கள் வரை பெறலாம். மணமானால் ஆராய்ச்சி நின்றுவிடுமே என்று அஞ்சும் பெற்றோரிடம் இவ்விதியைக் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும்.

இப்பருவத்தில் தேவைப்படும் முதற்பண்பு பொறுமை. மாதக்கணக்கில் செய்த சோதனை ஒரே நாளில் பிழையெனத் தெரியவரலாம். கருவி பழுதுபடலாம். தாம் கண்டதை வேறொருவர் முன்னரே வெளியிட்டிருக்கலாம். இவற்றைத் தோல்வி எனக் கருதுபவர் சோர்வர். இவற்றிலிருந்து அடுத்த கேள்வியை எடுப்பவர் முன்னேறுவர்.

வழிகாட்டியைத் தேர்தல்

நிலையத்தின் புகழைவிட, வழிகாட்டும் பேராசிரியரின் இயல்பே மாணவரின் ஐந்தாண்டுகளைத் தீர்மானிக்கிறது. விண்ணப்பிக்கும் முன்னர் அப்பேராசிரியர் அண்மையில் வெளியிட்ட இரண்டொரு கட்டுரைகளையேனும் படித்தல் வேண்டும். அவரிடம் இப்போது பயிலும் மாணவர்களிடம் சில கேள்விகளைக் கேட்கலாம்: முன்னர் சேர்ந்தவர்கள் எத்தனை ஆண்டுகளில் பட்டம் பெற்றனர்? ஆய்வைப் பற்றிப் பேராசிரியரிடம் எத்தனை நாட்களுக்கு ஒருமுறை பேச முடிகிறது? கருவிகள் உள்ளனவா? இவற்றைக் கேட்பது மரியாதைக் குறைவு என நம் மாணவர்கள் தயங்குகின்றனர். பெண்ணுக்கோ பிள்ளைக்கோ வரன் பார்க்கும்போது நாலு பேரிடம் விசாரிக்காத குடும்பம் உண்டோ? ஐந்தாண்டுக் காலப் பொறுப்பிற்கும் விசாரிப்பு வேண்டும். ஒரு பேராசிரியர் ஒரே சமயத்தில் 8 மாணவர்களுக்கும், இணைப் பேராசிரியர் 6 மாணவர்களுக்கும், உதவிப் பேராசிரியர் 4 மாணவர்களுக்கும் மேல் வழிகாட்டலாகாது என்பதும் விதி.

பணியில் இருப்போருக்கு ஓர் எச்சரிக்கை

பகுதிநேர ஆராய்ச்சியை விதிகள் அனுமதிக்கின்றன. பணிபுரியும் அலுவலகத்தின் தடையின்மைச் சான்றும், ஆராய்ச்சிக்குப் போதிய நேரம் அளிக்கப்படும் என்ற உறுதியும் இதற்குத் தேவை. ஆனால் தொலைநிலைக் கல்வி மூலமாகவோ, இணையவழியாகவோ டாக்டர் பட்டம் வழங்க அனுமதி இல்லை. வெளிநாட்டு நிறுவனங்களுடன் சேர்ந்து இணையவழி டாக்டர் பட்டம் அளிப்பதாகச் சில நிறுவனங்கள் விளம்பரம் செய்தபோது, அத்தகைய படிப்புகள் அங்கீகாரம் அற்றவை எனப் பல்கலைக் கழக மானியக் குழுவும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவும் 2022 அக்டோபரில் கூட்டாக எச்சரித்தன. பதவி உயர்வை நாடும் ஆசிரியர்களே இவ்வலையில் எளிதில் சிக்குகின்றனர். பணத்தைச் செலுத்தும் முன்னர் மானியக் குழுவின் அங்கீகாரப் பட்டியலைப் பார்த்தல் வேண்டும். ஆய்வேட்டைப் பணத்திற்கு எழுதித் தருவதாகக் கூறுவோரிடம் செல்வது பட்டத்தையும் பதவியையும் ஒருங்கே இழக்கச் செய்யும்.

களத்திலிருந்து ஆராய்ச்சிக் கூடத்திற்கு

ஆராய்ச்சிக்குரிய கேள்விகள் நூல்களிலிருந்து மட்டும் எழுவதில்லை. கிராமங்களுக்கு உகந்த விஞ்ஞானத்தை வளர்க்கும் பொருட்டு, பேராசிரியர் ஏ. கே. என். ரெட்டியின் முயற்சியால் 1974-இல் இக்கழகத்தில் ‘அஸ்த்ரா’ என்னும் அமைப்பு தோன்றியது. தும்கூர் மாவட்டத்து உங்ரா கிராமத்தில் அதன் விரிவாக்க நிலையம் அமைந்தது. கிராமத்துச் சமையலறையில் புகை நிறைவதும், விறகு சேர்ப்பதற்குப் பெண்கள் நெடுந்தொலைவு நடப்பதும் அனைவரும் அறிந்தவை. அஸ்த்ராவினர் அதை அளக்கத்தக்க கேள்விகளாக மாற்றினர். விறகின் வெப்பத்தில் எவ்வளவு பாத்திரத்தைச் சேர்கிறது? அடுப்பில் புகும் காற்று மிகுந்தால் தீயின் வெப்பம் வீணாகிறது. குறைந்தால் விறகு முழுதும் எரியாமல் புகைகிறது. எனில் சரியான அளவு யாது? பாத்திரத்திற்கும் அடுப்பின் வாய்க்கும் இடையே இடைவெளி எவ்வளவு இருக்கலாம்? இவற்றிற்கு விடை கண்டதன் பயனாக, புகைபோக்கியும் தட்டியும் கொண்ட அஸ்த்ரா அடுப்பு உருவாகிக் கர்நாடகக் கிராமங்களில் பரவியது. மண்ணை அழுத்திச் செய்யும் கட்டடக் கற்களும் இவ்வமைப்பின் ஆராய்ச்சியில் வளம் பெற்றன. அஸ்த்ராவின் பணி இன்று கழகத்தின் நிலைத்த தொழில்நுட்ப மையத்தில் தொடர்கிறது.

களப் பணியாளர் இதிலிருந்து கற்கத்தக்கது ஒன்று உண்டு. ‘இவ்வூர்க் கிணற்று நீர் உப்பாகிவிட்டது’ என்பது குறை. எந்தெந்தக் கிணறுகளில், எந்த மாதங்களில், எவ்வளவு ஆழத்தில், எவ்வளவு உப்பு என்று மூன்றாண்டுகள் தேதியிட்டுக் குறித்து வைத்தால், அக்குறிப்பேடு ஓர் ஆராய்ச்சியின் தொடக்கம் ஆகும். அதை வைத்திருக்கும் பணியாளர் தாமே ஆராய்ச்சி மாணவர் ஆகலாம். அல்லது அவ்வூரிலிருந்து படித்த ஓர் இளைஞரிடம் அதை ஒப்படைக்கலாம்.

நாம் செய்யத்தக்கவை

பள்ளி ஆசிரியர்கள், ஆராய்ச்சி என்பது உபகாரச் சம்பளத்துடன் கூடிய பயிற்சி என்ற செய்தியை மேல்நிலை வகுப்பிலேயே சொல்லி வைக்கலாம். சித்ரதுர்கா மாவட்டம் சள்ளகெரெயில் விஞ்ஞானக் கழகத்தின் இரண்டாம் வளாகத்தில் ஆசிரியர்களுக்கு விஞ்ஞானச் சோதனைப் பயிற்சி அளிக்கும் மையம் 2011 முதல் செயல்படுகிறது என்பதையும் அவர்கள் அறிந்திருத்தல் நலம். கல்லூரி ஆசிரியர்கள், இந்தியாவின் மூன்று விஞ்ஞானக் கலைக்கழகங்கள் கூட்டாகப் பல்லாண்டுகளாக நடத்திவரும் கோடைக்கால ஆராய்ச்சித் திட்டத்திற்குத் தம் மாணவர்களை விண்ணப்பிக்கச் செய்யலாம். ஆசிரியர்களும் அதில் பங்கு பெறலாம். இரண்டு மாதம் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் இருந்து பார்த்தவர், இவ்வாழ்வு தமக்கு ஏற்றதா என்பதைத் தாமே தீர்மானித்துக்கொள்வார். ஏற்றதன்று எனத் தெளிவதும் பயனே.

டாக்டர் பட்டம் பெற்ற அனைவருக்கும் உடனே பதவி கிட்டும் என்று எவருக்கும் வாக்களிக்க வேண்டாம். அதே சமயம், அறியாமையால் ஒருவரும் பின்தங்கவும் விட வேண்டாம். முயன்று பார்த்துத் தேர்வில் தவறியவர் மீண்டும் எழுதலாம். அப்படியொரு தேர்வு உண்டென்பதையே அறியாதவருக்கு இரண்டாம் வாய்ப்பும் இல்லை. பழைய மாணவர் அடுத்த முறை வீட்டு வாயிலில் வந்து நிற்கும்போது, ஆசிரியர் அவருக்குச் சொல்லும் பட்டியலில் இவ்வழியும் இடம்பெறட்டும்.

பயிற்சி வினாக்கள்

1. முதுநிலைப் பட்டத்திற்கும் டாக்டர் பட்டத்திற்கும் உள்ள வேறுபாட்டை ஒரு பெற்றோருக்கு விளங்குமாறு எடுத்துரைக்க.

2. அன்னா மணிக்கு டாக்டர் பட்டம் மறுக்கப்பட்ட காரணம் யாது? இன்றைய விதிகள் எவ்வகையில் மாறியுள்ளன?

3. வரும் ஆண்டு ஆகஸ்டில் ஆராய்ச்சியில் சேர விரும்பும் பி.இ. மாணவர் ஒருவருக்கு மாத வாரியாகக் கால அட்டவணை தயாரிக்க.

4. உங்கள் பகுதியில் காணும் குறை ஒன்றை எடுத்துக்கொண்டு, அதை அளக்கத்தக்க மூன்று கேள்விகளாக மாற்றி எழுதுக.